செய்யும் விதமா, செய்து முடித்த பொருளா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கைவேலை பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, 'ஒரு பொருளைச் செய்துகொண்டிருக்கும் நேரத்துக்கே ஒரு மதிப்பு உண்டு, கடைசியில் கைக்கு வருவதை மட்டும் வைத்து அதை அளக்கக் கூடாது' என்று சொல்லியிருந்தேன். அந்த வரியை ஒப்புக்கொண்டும் மறுத்தும் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழ் முழுக்க அதற்கே இருக்கட்டும்.

மார்கழி முழுக்க விடியற்காலையில் எழுந்து வாசலில் சிக்குக்கோலம் போடுகிறேன். பால் வண்டி, ஸ்கூல் வேன் எல்லாம் போய் வந்தால் பாதிகூட மிஞ்சாது. 'எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம், ஸ்டிக்கர் ஒட்டிடலாமே' என்கிறாள் மகள். எனக்குப் போடும் நேரம்தான் பிடிக்கிறது, அழிவதில் வருத்தமே இல்லை. அப்படியென்றால் கோலத்தில் முடிவுக்கு மதிப்பே கிடையாதா?
*ஒரு வாசகி, மயிலாடுதுறை*

மதிப்பு இல்லாமல் என்ன? பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்தி, இடைப்புள்ளி வைத்துக் கம்பி இழுத்துக்கொண்டு வருகிறீர்கள். கடைசியில் இழை தொடங்கிய இடத்தில் வந்து சேராமல் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வெளியே நின்றுவிடுகிறது. 'எப்படியும் ஒன்பது மணிக்கு அழியத்தானே போகிறது' என்று விட்டுவிட்டு உள்ளே போவீர்களா? போக மாட்டீர்கள். எந்த வளைவில் தவறியது என்று தேடிப்பார்த்து, அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, திரும்பவும் இழுப்பீர்கள். மூன்று மணி நேரம் இருந்தாலும் சரி, முந்நூறு வருஷம் இருந்தாலும் சரி, கோலம் சரியாக முடிய வேண்டும் என்று உங்கள் கைக்கே தெரியும். ஒரு பொருள் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதை வைத்து அது எவ்வளவு முக்கியம் என்று முடிவு கட்டுவதில்தான் நமக்குக் குழப்பம் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் அவரோடு சேர்ந்த கணித அறிஞர்களும் 1970-களிலேயே கோலத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். கணினி மொழிகளுக்கு இலக்கணம் எழுதுவதுபோலக் கோலங்களுக்கும் எழுத முடியும் என்று காட்டினார்கள். அந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, கோலம் போடும் பெண்கள் அதை ஒரு படமாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை, கையின் நகர்வுகளாக வைத்துக்கொள்கிறார்கள் என்பது. நேரே போ, வலப்பக்கம் பாதி வளை, புள்ளியைச் சுற்றி வா, இப்படி. அதாவது உங்களிடம் இருக்கும் கோலம் வாசலில் இல்லை, கையில் இருக்கிறது. வாசலில் விழுவது அன்றைக்கு அந்தக் கை சரியாக ஓடியதா என்பதற்கான சாட்சி.

ஸ்டிக்கர் விஷயத்தில் மகளோடு சண்டை போடாதீர்கள். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் கதவுக்கு வெளியே இரண்டடி இடம் வைத்திருப்பவர் ஸ்டிக்கர் ஒட்டுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒட்டிய ஸ்டிக்கரிலிருந்து அடுத்த கோலம் வராது. ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றை மட்டும் அவள் கையில் ஏற்றிவிட்டுவிடுங்கள், போதும்.

மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனோம். பார்க்க ஒரே மாதிரி இரண்டு புடவை. ஒன்று விசைத்தறி, இன்னொன்று கைத்தறி என்றார்கள், விலை இரண்டு மடங்கு. எனக்கு வேண்டியது புடவை. அதை எப்படி நெய்தார்கள் என்பதற்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?
*ஒரு வாசகர், வேலூர்*

கேள்வி நியாயமானது. வாங்குகிறவர் பொருளைப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். நெசவாளி கஷ்டப்பட்டார் என்ற இரக்கத்துக்காகக் கூடுதலாகக் கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், எந்த நல்ல நெசவாளியும் அதைக் கேட்க மாட்டார்.

ஆனால் 'பார்க்க ஒரே மாதிரி' என்கிறீர்களே, அங்கேதான் கொஞ்சம் நிறுத்துகிறேன். அடுத்த முறை கடைக்குப் போனால் புடவையைப் பிரித்து, உடலும் கரையும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அப்படியே திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். சாதாரண விசைத்தறியில் ஊடை நூல், அதாவது குறுக்கே ஓடும் நூல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடும். உடல் பச்சை, கரை சிவப்பு என்றால் அந்தப் பச்சை ஊடை சிவப்புக் கரைக்குள்ளும் புகுந்து போகும், கரையின் சிவப்பு கொஞ்சம் மங்கித்தான் தெரியும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் அப்படி நடக்காது. அங்கே ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடுகிறது, உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. கரையின் பாவும், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலும் சிவப்பு, ஊடையும் சிவப்பு. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும், அதனால் தறியில் நெசவாளியோடு இன்னொருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். நாள் முழுக்க இரண்டு பேர். அப்படிக் கோத்த கரையில்தான் அந்தத் துல்லியமான நிறமும் தாழம்பூ ரேக்கு என்ற கரை வேலைப்பாட்டின் கூர்மையும் வரும்.

எனவே நெய்த விதத்துக்குத் தனியாக நீங்கள் காசு கொடுக்கவில்லை. நெய்த விதம் துணிக்குள் இருக்கிறது, கண் அதைப் பழக வேண்டும், அவ்வளவுதான். கைத்தறியிலேயே கோர்வை போடாத புடவைகளும் உண்டு, அதனால் கைத்தறி என்று சொன்னதுமே இரண்டு மடங்கு கொடுத்துவிடாதீர்கள், பார்த்துக் கேளுங்கள். சில்க் மார்க் இருந்தால் பட்டு நூல் அசல் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். கைத்தறிதானா என்று தெரியக் கைத்தறி முத்திரையைத் தனியாகப் பார்க்க வேண்டும். சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்று 1985-இல் போட்ட சட்டமே இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, விசைத்தறியே போதும் என்று நீங்கள் எடுத்தால் அது உங்கள் விருப்பம், நல்ல விசைத்தறிப் பட்டும் இருக்கிறது. விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியாது.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் வேலை கற்றுக்கொள்கிறேன். நான் மெழுகில் செய்த சின்னப் பிள்ளையார் வார்ப்பில் போய்விட்டது, துதிக்கை நுனியில் உலோகம் நிரம்பவில்லை. 'வேலையில் மனசு இருந்தால் பலன் தானாக வரும்' என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனசு முழுக்க அதில்தான் இருந்தது. பலன் வரவில்லையே?
*ஒரு வாசகர், சுவாமிமலை அருகில்*

தம்பி, இந்த மாதம் வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் முழு உருவத்தையும் செய்கிறார்கள். அளவுக்கு ஓடியோலை என்று ஒரு தென்னங்கீற்றுத் துண்டு, அதைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள். மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலை நைசாகச் சலித்துக் குழைத்து முதல் பூச்சு. அந்த மண் ஒரு நகத்தின் கோட்டைக்கூட அப்படியே பிடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் ஸ்தபதிகள் அந்த ஊரையே விடாமல் இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். பூச்சு நிழலில் காய வேண்டும், அதற்கு மேல் கொஞ்சம் கரடான மண், அதற்கும் மேல் மணல் கலந்தது. பெரிய சிலை என்றால் கம்பி கட்டுவார்கள். அப்புறம் வறட்டி அடுக்கிச் சூடாக்கினால் உள்ளேயிருக்கும் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை.

இதில் கவனியுங்கள். நீங்கள் கையால் செய்த மெழுகு உருவம் உருகிப் போய்விட்டது. மண் அச்சையும் உடைத்தாயிற்று. ஒரு அச்சில் ஒரு சிலைதான். உலோகம் உள்ளே போகும்போது அங்கே என்ன நடக்கிறது என்று யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. முடிவின்மேல் கை வைக்கவே முடியாத தொழில் இது, கைக்கு எட்டுவது அதற்கு முன்னால் இருக்கும் வேலைகள் மட்டும்தான். அதனால் உங்கள் பெரியவர்கள் சொன்னதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். மனசு இருக்க வேண்டும், சரி, அது எங்கே இருந்தது? பிள்ளையாரின் முகத்தில் இருந்திருக்கும், தொந்தியின் வளைவில் இருந்திருக்கும். காற்று வெளியேற விடும் துளையில் இருந்ததா?

துதிக்கை நுனி மெல்லியது. உலோகம் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடலாம், அச்சு போதுமான சூட்டில் இல்லாமல் இருந்தால் இது நடக்கும். அந்த மூலையில் காற்று சிக்கிக்கொண்டு உலோகத்தை உள்ளே விடாமல் தடுத்திருக்கலாம். மெழுகு முழுசாக வெளியேறாமல் கொஞ்சம் தங்கியிருக்கலாம். ஊற்றும்போது ஒரு நொடி கை நின்று, திரும்ப ஊற்றியிருக்கலாம். உலோகம் போதாமலும் போகலாம், மெழுகின் எடையைப் போல எட்டு, ஒன்பது மடங்கு வேண்டியிருக்கும். நிரம்பாத அந்த நுனியின் விளிம்பை உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உருண்டு மழுங்கியிருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா, நுரைத்த மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, எது காரணம் என்று அவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். கெட்டுப்போன வார்ப்புதான் உங்கள் வேலையைப் பற்றி உங்களிடம் உண்மை பேசக்கூடிய பொருள். அதைப் பார்க்காமல் உருக்கிவிடாதீர்கள்.

செய்முறைதான் முக்கியம் என்று சொல்கிறவர்கள் பலர் அதை ஒரு மனநிலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமைதியாக, ஈடுபாட்டோடு, பலனை நினைக்காமல் செய்தால் போதும் என்று. உங்கள் தொழிலில் அப்படி ஒரு மனநிலை உலோகத்தை நுனிவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. செய்முறை என்பது மண்ணின் பதம், பூச்சின் கனம், காய்ந்த நாள், சூடு, ஊற்றும் வேகம். இவற்றில் ஒவ்வொன்றின்மேலும் தனித்தனியாக மனசு போக வேண்டும். பலனை நினைக்காமல் இருக்கவும் முடியாது, ஏனென்றால் துதிக்கை நிரம்ப வேண்டும் என்ற நினைப்பு இல்லாவிட்டால் அந்தத் துளையை எங்கே வைப்பது என்றே உங்களுக்குத் தெரியாது.

வார்ப்பு நன்றாக வந்தாலும் அரம், உளி என்று இன்னும் எவ்வளவோ வேலை பாக்கி. கண் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. அடுத்த பிள்ளையாரை இப்போதே தொடங்கிவிடுங்கள், அது வந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

என் ஏழு வயது மகன் எந்நேரமும் வரைந்துகொண்டே இருப்பான். ஊக்கம் கொடுக்கலாம் என்று ஒரு படத்துக்கு ஐந்து ரூபாய் கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது காசு இல்லையென்றால் பென்சிலைத் தொடுவதே இல்லை.
*ஒரு வாசகி, திருச்சி*

இதை மனோதத்துவ ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் நடந்த சோதனை அது, 1973-இல் வெளியானது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் கிடையாது. கொஞ்ச நாள் கழித்து வகுப்பில் ஓய்வு நேரத்தில் யார் பேனாவை எடுக்கிறார்கள் என்று பார்த்தால், பரிசு வரும் என்று தெரிந்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் வரைந்தார்கள். பரிசுக்காக அன்றைக்கு வரைந்த படங்களும் தரத்தில் குறைவாகத்தான் இருந்தன. எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு ஆசை குறையவில்லை.

எனவே காசை நிறுத்துங்கள். திடீரென்று நிறுத்தினால் அழுவான், கொஞ்ச நாள் பேனாவைத் தொடாமலும் இருப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள். 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த யானைக்கு ஏன் கால் ஊதா நிறம், இந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் தமிழ்க் கட்டுரையைச் செல்போனில் ஏஐ-யிடம் எழுதி வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, மதிப்பெண்ணும் வருகிறது. தடுக்க வேண்டுமா?
*ஒரு வாசகர், கோவை*

தடுங்கள். 'மழைநீர் சேமிப்பு' பற்றி ஒரு பக்கக் கட்டுரை உலகத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை, ஆசிரியருக்கும்தான். அந்தப் பக்கத்தை எழுதப் பழகிய ஒரு பெண்தான் அந்த வீட்டுப்பாடத்தின் விளைபொருள். அவள் உட்கார்ந்து எழுதவில்லையென்றால் நோட்டில் என்ன இருந்தாலும் அங்கே எதுவும் விளையவில்லை. எழுதி முடித்த பிறகு பிழை பார்க்க அதைப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடைசியில் நிற்பது பொருள்தான். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வியக்கிறோம், அதை எப்படிக் கட்டினார்கள் என்று யார் கேட்கிறார்கள்?
*ஒரு வாசகர், சென்னை*

எல்லோரும் அதைத்தானே கேட்கிறார்கள்! விமானத்தின் கீழே நிற்கும் எந்தக் குடும்பத்தையாவது கவனியுங்கள், அண்ணாந்து பார்த்ததும் வாயில் வரும் முதல் வார்த்தை 'எப்படித்தான் ஏத்தினாங்களோ' என்பதுதான்.

அதற்கு உறுதியான பதில் நம்மிடம் இல்லை என்பதில் எனக்கு நிஜமாகவே துக்கம் உண்டு. 1010-இல் முடிந்த கோயில், இருநூறு அடிக்கு மேல் உயரம், உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்று வழிவழியாகச் சொல்கிறோம். பல துண்டுகளைச் சேர்த்து அமைத்தது என்று சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பது ஊர்ச் செய்தி. கல் ஆயிரம் வருஷமாக அப்படியே நிற்கிறது, அதை மேலே கொண்டுபோன அறிவு நம் கைக்கு வந்து சேரவில்லை.

இதற்கு நேர் எதிராக ஜப்பானில் இஸே என்ற ஊரில் ஒரு கோயில் இருக்கிறது, அமதெராசு என்ற சூரிய தேவதைக்கு உரியது. மரக்கோயில். 690-இல் தொடங்கிய வழக்கப்படி இருபது வருஷத்துக்கு ஒருமுறை, பக்கத்திலேயே காலியாக வைத்திருக்கும் மனையில் அதே அளவில், அதே முறையில் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்துவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 2013-இல் நடந்தது அறுபத்திரண்டாவது முறை, அடுத்தது 2033-இல். கோயில் மட்டுமில்லை, உள்ளே வைக்கும் துணி, வாள், பாத்திரம் எல்லாமே புதிதாகச் செய்யப்படும். இருபது வருஷம் என்பதால் தச்சர் ஒருவர் இளைஞராக ஒருமுறை கூடமாட வேலை செய்வார், நடுவயதில் தானே முன்னின்று செய்வார், உடம்பில் தெம்பிருந்தால் அதற்கடுத்த முறை சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருப்பார். பிரித்த மரத்தையும் வீணாக்குவதில்லை, நாட்டின் மற்றக் கோயில்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அங்கே இப்போது நிற்கும் கட்டடத்துக்கு வயது மிகக் குறைவு, அதைக் கட்டும் கைக்கு வயது ஆயிரத்து முந்நூறு. அதுவும் தானாக நடந்துவிடவில்லை, உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறு வருஷத்துக்கும் மேல் நின்றுபோய், பெரும்பாடு பட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். கல்லில் கட்டிய நாம் அப்படி இடித்துக் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அந்த எண்ணமே எனக்கு நடுக்கம் தரும். ஆனால் பொருள் மட்டும் நின்றால் போதும் என்று நீங்கள் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

தையல், பின்னல், பானையில் ஓவியம் என்று எதையாவது ஆசையாக ஆரம்பிக்கிறேன், ரசித்துச் செய்கிறேன், பாதியில் விட்டுவிடுகிறேன். பீரோ நிறைய அரைகுறைப் பொருள்கள். ரசித்தேனே, அது போதாதா?
*ஒரு வாசகி, ஈரோடு*

போதும் என்றால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாங்களே பூட்டிய பெட்டி, தாங்களே மடித்த காகிதப் பறவை இவற்றுக்கு மக்கள் எவ்வளவு மதிப்பு வைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கோணல்மாணலாக மடித்திருந்தாலும், கைதேர்ந்தவர் மடித்த பறவைக்குக் கிட்டத்தட்டச் சமமாக மதிப்பு வைத்தார்கள். உழைத்த பொருள்மேல் பாசம் வருகிறது. ஆனால் வேலையைப் பாதியில் நிறுத்த வைத்தபோதும், செய்ததைப் பிரித்துப் போட வைத்தபோதும் அந்தப் பாசம் காணாமல் போய்விட்டது. ரசித்து உழைத்த நேரம் உங்களுடையதாக மாறுவதற்கு அது எங்காவது முடிந்திருக்க வேண்டும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம். பீரோவைத் திறந்து, இனிமேல் கை போகவே போகாது என்று தெரிகிறவற்றை, நூல், துணி, பெயிண்ட் எல்லாவற்றையும் சேர்த்துப் பழகத் துடிக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மீதியில் எதற்குக் குறைந்த வேலை பாக்கி என்று பாருங்கள். கொக்கி வைக்காத ரவிக்கை ஒன்று நிச்சயம் இருக்கும். அதை இந்த வாரமே முடித்து, ஒருநாள் போட்டுக்கொண்டு வெளியே போய் வாருங்கள். பின்னல் ஸ்வெட்டரை அதற்கப்புறம் எடுக்கலாம்.